ராணி கையெழுத்திட்ட செலவுச் சீட்டு: வகுப்பில் இதை எப்படிச் சொல்வது?

பாலக்கோடு டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருக்கிறது. ஒரு மாணவி, அவள் அண்ணன் போனுக்கு வந்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பழுப்பேறிய தாள், பிரெஞ்சில் ஏதோ பட்டியல், வலது ஓரத்தில் லிவ்ர் என்ற அந்தக் காலப் பிரெஞ்சுக் காசில் வரிசையாகத் தொகைகள், அடியில் பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் கையெழுத்து. மேலே யாரோ தமிழில் "நாட்டையே தின்ற ராணி, இதோ அத்தாட்சி" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அதிலிருந்து வகுப்பில் இதே பேச்சுதான். "ஒரு லிவ்ர்னா நம்ம ரூபாயில எவ்வளவு டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொரு பையன், அவன் அப்பா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார், கணக்கு நன்றாக வரும் அவனுக்கு. "ஒருத்தர் துணிமணி வாங்கினதுல ஒரு நாடே கவுந்துடுமா?" என்றான். அந்தக் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையெழுத்துப் போட்ட ஒரு செலவுத் தாளைப் பார்த்து நாம் என்ன முடிவுக்கு வரலாம், எதற்கு வரக்கூடாது? படம் பொய் என்று மூடிவிடவும் விருப்பமில்லை. ஒரு பெண்ணின் துணிக் கணக்கால்தான் புரட்சியே வந்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவதும் சரியில்லை. கணக்கு வழக்கில் பழக்கம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.

காரிமங்கலத்தான்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது டீச்சர்? ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னுங்கள் என்று சொன்னவர்தானே அவர். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஊர் பட்டினி கிடக்கும்போது வைரம் வாங்கியவர் மேல் எனக்கு இரக்கம் வராது. கையெழுத்தே இருக்கிறது, வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஓய்வு கருவூலம், தருமபுரி:

டீச்சர், கேட்டது நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அரூரிலும் பென்னாகரத்திலும் சார் கருவூலத்தில் இருந்து, கடைசியில் தருமபுரி மாவட்டக் கருவூலத்தில் ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுக்க அடுத்தவர் கையெழுத்துப் போட்ட பட்டியலைச் சரிபார்ப்பதுதான் வேலை.

முதலில் காரிமங்கலம் தம்பிக்கு. அந்தக் கேக் பேச்சு அவர் பேசியது இல்லை. பெயர் சொல்லாத ஓர் இளவரசி அப்படிச் சொன்னதாகத் தத்துவ ஆசிரியர் ரூசோ தன் சுயசரிதையில் எழுதுகிறார். அவர் அந்தப் பகுதியை எழுதியது 1760-களில். மேரி அன்டோனெட் பிறந்தது 1755-ல், வியன்னாவில். கல்யாணமாகிப் பிரான்சுக்கு வந்ததே 1770-ல்தான். ஆனால் தம்பியின் கோபம் நியாயமான கோபம். அது எந்தத் தாளின் மேல் போக வேண்டும் என்பதுதான் பேச்சு.

ஒரு பட்டியல் மேசைக்கு வந்தால் நான் தொகையைக் கடைசியில்தான் பார்ப்பேன். யார் கேட்கிறார், எந்தக் கணக்குத் தலைப்பில் கேட்கிறார், அந்தத் தலைப்புக்கு இந்த வருஷம் ஒதுக்கீடு எவ்வளவு, இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, கையெழுத்துப் போட்டவருக்கு அந்தத் தொகைக்கு அதிகாரம் உண்டா. இதெல்லாம் முடிந்த பிறகுதான் தொகை. ராணியின் தாளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பிரான்சில் ராணிக்கென்று தனியாக ஓர் அரண்மனை நிர்வாகம் இருந்தது. பாதிரியார், வைத்தியர், பணிப்பெண்கள், சமையல், குதிரை லாயம் என்று ஓர் அலுவலகம் போலவே நடந்தது. அவர்களுடைய சம்பளம், படி, அன்பளிப்பு எல்லாவற்றுக்கும் ராணி பெயரில்தான் ஆணை போகும். அதனால் அடியில் அவர் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக அது அவர் ஆடம்பரம் ஆகிவிடாது. ஒரு பணிப்பெண்ணின் வருஷச் சம்பளமாகவும் இருக்கலாம். நம் கலெக்டர் கையெழுத்துப் போட்ட சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டு, இவ்வளவும் கலெக்டர் வீட்டுக்குப் போனது என்று சொன்னால் எப்படி இருக்கும்? இன்னொன்று, அந்தக் கால அரண்மனைக் காகிதங்களில் ராஜா ராணி கையெழுத்தை அவர்களுக்குப் பதிலாகப் போடுவதற்கென்றே செயலாளர்கள் இருந்தார்கள். அப்படிப் போட்டது மோசடி ஆகாது, அதுதான் நடைமுறை. ஆகவே படத்தில் வரிக்கு வரி என்ன எழுதியிருக்கிறது என்று பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை அது ஆடம்பரத்துக்கு அத்தாட்சி என்று சொல்ல வழியில்லை.

அதே சமயம் ஆடம்பரம் என்பது வெறும் கட்டுக்கதையும் இல்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவருடைய உடைக்கு வருஷ ஒதுக்கீடு 1,20,000 லிவ்ர். 1785-ல் மட்டும் செலவு சுமார் 2,58,000. ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு பட்டியல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். அங்கே திருப்பி அனுப்பக்கூடியவர் யாரும் இல்லை. உடைப் பொறுப்பில் இருந்த சீமாட்டி நிதி அமைச்சரிடம் கூடுதல் தொகை கேட்க வேண்டியதாயிற்று. 1782-ம் வருஷத்து உடைப் பதிவேடு ஒன்று இன்றும் பாரிஸில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு உடைக்கும் ஒரு துண்டுத் துணி வெட்டி ஒட்டியிருக்கும். காலையில் அந்த மாதிரிப் புத்தகம் ராணியிடம் போகும், அன்றைக்கு உடுத்த வேண்டியதில் அவர் ஒரு குண்டூசி குத்துவார். இதை அவருடைய பணிப்பெண்ணாக இருந்த கம்பான் அம்மையாரே எழுதிவைத்திருக்கிறார். துணிகள் பெரும்பாலும் ரோஸ் பெர்தேன் என்ற பெண்ணின் கடையிலிருந்து வந்தன. அந்த அம்மாவை ஊரில் 'ஃபேஷன் மந்திரி' என்றே சொன்னார்களாம்.

லிவ்ரை ரூபாய்க்கு மாற்றாதீர்கள் டீச்சர். 240 வருஷத்துக்கு முந்தைய காசை இன்றைய ரூபாயாக்கினால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. கூலிக்கு மாற்றுங்கள். ஒரு லிவ்ருக்கு 20 சூ. பாரிஸில் ஒரு கூலியாளுக்கு நாளைக்கு ஏறத்தாழ 25 சூ, அதாவது ஒன்றேகால் லிவ்ர். நாலு ராத்தல் ரொட்டி, நம் கணக்கில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, சாதாரண நாளில் 8, 9 சூ. 1789 தொடக்கத்தில் அதே ரொட்டி 14 சூவைத் தாண்டிவிட்டது. கூலியில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போய்விடும். இப்போது அந்த 2,58,000-ஐ ஒன்றேகாலால் வகுக்கச் சொல்லுங்கள். 2,06,400 நாள் கூலி வரும். மண்டிக்காரர் பையன் வாயாலேயே போட்டுவிடுவான்.

நகையும் உண்டு. 1776-ல் இரண்டரை லட்சம் லிவ்ருக்கு வளையல் வாங்கிவிட்டாள் என்று வியன்னாவிலிருந்து அம்மா மரியா தெரசாவே கண்டித்துக் கடிதம் எழுதினார். பாரிஸில் இருந்த ஆஸ்திரியத் தூதர் அத்தனையையும் அவருக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு உங்களைத் தொந்தரவு செய்வார்கள் என்று நினைக்கவில்லை என்கிற தோரணையில் மகள் பதில் எழுதினார். எனக்கு அந்தப் பட்டியலைவிட இந்தப் பதில்தான் வருத்தம் தருகிறது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் கடன் 4,87,000 லிவ்ர் அளவுக்குப் போய், கணவன் பதினாறாம் லூயி அடைத்தார்.

சரி, இப்போது மொத்தக் கணக்கு. 1788-ல் பிரெஞ்சு அரசின் செலவு சுமார் 62.9 கோடி லிவ்ர், வரவு 50.3 கோடி. செலவில் கடனுக்கும் வட்டிக்கும் மட்டும் 31.8 கோடி, சரியாகப் பாதி. ராணுவம், கப்பற்படைக்குக் கால் பங்கு. ராஜா, ராணி, ராஜாவின் தம்பிகள், அத்தனை பேரின் அரண்மனைச் செலவும் சேர்த்தால் நூற்றுக்கு ஆறு. உடைக்கணக்கு அதிகமாகப் போன அந்த 1785 தொகையை இந்தச் செலவோடு வைத்துப் பார்த்தால், ஒரு லட்சம் லிவ்ருக்கு 41 லிவ்ர். துணிமணியால் நாடு கவிழவில்லை என்று அந்தப் பையனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கவிழ்த்தது கடன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் இங்கிலாந்துக்கு எதிராகப் பிரான்ஸ் இறங்கி நூறு கோடி லிவ்ருக்கு மேல் செலவழித்தது. பெரும்பகுதி வட்டிக்கு வாங்கியது. 1781-ல் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர், பிரான்ஸ் வரலாற்றில் முதல் தடவையாக அரசாங்கக் கணக்கை அச்சடித்து ஊருக்குக் கொடுத்தார். அதில் ஒரு கோடி லிவ்ர் உபரி! எப்படி வந்தது உபரி? போர்ச்செலவு 'அசாதாரணச் செலவு' என்று வெளியே வைக்கப்பட்டுவிட்டது. அரண்மனைச் செலவும் ஓய்வூதியங்களும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. படித்தவர்கள் எதன் மேல் கோபப்பட்டிருப்பார்கள்? கணக்கெழுதும் வேலையில் இருந்தவனாகச் சொல்கிறேன், தலைப்பு மாற்றிப் போடுவதைப் போல ஒரு நாட்டுக்குக் கேடு வேறு இல்லை.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். தணிக்கைக்கே போகாத செலவு என்று ஒரு வகை அங்கே இருந்தது. ராஜா 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், எதற்காக என்று காட்ட வேண்டியதில்லை, தணிக்கை மன்றம் கேள்வி கேட்க முடியாது. அவற்றின் குறிப்பேடுதான் 'சிவப்புப் புத்தகம்'. 1790 ஏப்ரலில் தேசிய சபை அதை வாங்கி அச்சடித்தது. நெக்கர் சுலபத்தில் கொடுக்கவில்லை. தாத்தா பதினைந்தாம் லூயி காலத்துப் பக்கங்களைப் பார்க்க வேண்டாம் என்று ராஜா கேட்டுக்கொள்ள, அந்தப் பக்கங்களைக் காகிதம் சுற்றி முத்திரையிட்டே காட்டினார்கள்.

டீச்சர் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய கையெழுத்து ஆவணம் அதுதான். 1774-லிருந்து 1789 வரை சுமார் 22.8 கோடி லிவ்ர். அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டு விவகாரம், தபால் என்ற பெயரில் போனது. ராஜா ராணி இருவருடைய சொந்தச் செலவு 1.14 கோடி. ராஜாவின் தம்பிகள் இருவருக்கும் 2.8 கோடி.

கிருஷ்ணகிரி பத்திரம்:

ஐயா சொன்ன பிறகு சேர்க்க அதிகம் இல்லை. ஆனால் எழுதிப் பிழைப்பது பத்திரம் என்பதால் கையெழுத்து விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும்.

டீச்சர் வைர அட்டிகை வழக்கைக் கட்டாயம் சொல்லுங்கள். 647 கல், விலை 16 லட்சம் லிவ்ர். பாரிஸ் நகை வியாபாரிகள் பழைய ராஜாவின் ஆசைநாயகிக்கு விற்கலாம் என்று செய்து, ராஜா இறந்துபோனதால் தேங்கிப்போன நகை. மேரி அன்டோனெட்டிடம் காட்டினார்கள், அவர் வாங்கவில்லை. ழான் த லா மோத் என்ற பெண் ராணியின் தோழி போல நடித்து, கார்டினல் ரோஹானை நம்பவைத்து, அவர் பொறுப்பில் நகையை வாங்கவைத்துக் கல்லைப் பிரித்து விற்றுவிட்டாள். ஒப்பந்தத்தில் 'பிரான்சின் மேரி அன்டோனெட்' என்று கையெழுத்து. பிரான்சில் ராணிகள் ஞானஸ்நானப் பெயரை மட்டும்தான் போடுவார்கள், நாட்டின் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். அரண்மனையிலேயே புழங்கிய பெரிய குடும்பத்து ஆள் ரோஹான், அவர் இதைக் கவனிக்கவில்லை. 1785 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு விழா அன்று, பூசை உடையோடு வெர்சாயில் வைத்துக் கைது. 1786 மே 31-ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஜனங்கள் கொண்டாடினார்கள். ராணி வாங்காத நகை, போடாத கையெழுத்து, ஆனால் பெயர் கெட்டது அவருக்குத்தான்.

அவரே உண்மையில் தன் பெயரில் வாங்கிய சொத்து ஒன்று உண்டு. அதே 1785-ல் ஓர்லியான் பிரபுவிடமிருந்து சேன்-க்ளூ மாளிகை, 60 லட்சம் லிவ்ர். பிரான்சில் ராஜாவின் மனைவி தன் தனிப்பெயரில் அப்படி ஓர் அரண்மனை வைத்துக்கொள்வது வழக்கமில்லை. 'ராணியின் உத்தரவுப்படி' என்று அங்கே அறிவிப்புப் பலகை வைத்ததும் நீதிமன்றத்தில் இருந்தவர்களே கொதித்தார்கள். உடைக்கணக்கைவிட இந்தக் கிரயம்தான் பெரிய விஷயம். படத்தில் உள்ள தாளுக்கு இதில் காலணா பங்குகூட இருக்காது.

ஓசூர் வாசகி:

டீச்சர், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு செய்தி சொல்கிறேன். விஜே லெ ப்ருன் என்ற பெண் ஓவியர் 1783-ல் ராணியை எளிமையான வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்தார். உள்ளுடையில் ராணியைக் காட்டுவதா என்று கண்காட்சியில் பெரிய கூச்சல். படத்தை எடுத்துவிட்டுப் பட்டு உடுத்திய வேறு படத்தை வைத்தார்கள். இறக்குமதித் துணி உடுத்தி லியோன் பட்டு நெசவாளிகள் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்றும் அவர் மேல் பழி. பட்டு உடுத்தினால் ஊதாரி, மஸ்லின் உடுத்தினால் நெசவாளி வயிற்றில் அடிப்பவள்.

அதே ஓவியர் 1788-ல் வரைந்த இன்னொருவர் முகமது தர்வேஷ் கான். திப்பு சுல்தான் பிரான்சுக்கு அனுப்பிய மூன்று தூதர்களில் ஒருவர். அந்த வருஷம் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சேர்ந்த நம் பாரமகால் திப்புவின் ஆட்சியில்தான் இருந்தது. அதாவது நம் ஊர் ராஜாவின் ஆட்கள் புரட்சிக்கு முந்தைய வருஷம் வெர்சாய் அரண்மனைக்குள் நின்றிருக்கிறார்கள்.

பாலக்கோடு டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கூலிக் கணக்கையும் ஒரு லட்சத்துக்கு 41 என்பதையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதப் போகிறேன். திப்பு தூதர்கள் விஷயம் எனக்கே புதிது. ஐயா, ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த 41-ஐப் பார்த்ததும் பிள்ளைகள் "அப்போ ஜனங்க கோபப்பட்டது தப்பா?" என்பார்கள். என்ன சொல்வது?

ஓய்வு கருவூலம், தருமபுரி:

தப்பே இல்லை டீச்சர். அதை அழுத்திச் சொல்லுங்கள். நிலவரியின் பாரம் குடியானவன் தலையில், பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் விலக்கு. உப்புக்குத் தனி வரி. வரி கட்டாதவர்கள் கையில்தான் ஓய்வூதியமும் அன்பளிப்பும் போய்ச் சேர்ந்தன. ராணியின் தோழி போலிஞாக் குடும்பத்துக்கு மட்டும் வருஷத்துக்கு ஐந்து லட்சம் லிவ்ர் போனதாக அந்த ஆஸ்திரியத் தூதரே எழுதினார். வயிறு காய்ந்தவன் கண்ணுக்கு வட்டிக் கணக்கு தெரியாது, வைரம் தெரியும். கணக்கை மறைத்துவைத்தவர்கள்தான் அவனை அப்படி ஊகிக்கவிட்டார்கள்.

ஓசூர் வாசகி சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திப்புவின் தூதர்களுக்குப் பதினாறாம் லூயி தர்பாரில் வரவேற்பு கொடுத்தது 1788 ஆகஸ்டில். இங்கிலாந்துக்கு எதிராகப் படை உதவி கேட்டுத்தான் அவ்வளவு தூரம் போனார்கள். செவ்ர் பீங்கான் சாமான்களும் மரியாதையும் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. அதே மாதம் 16-ம் தேதி பிரெஞ்சுக் கருவூலம் பட்டுவாடாவை நிறுத்துவதாக அறிவித்தது. முழுவதையும் பணமாகக் கொடுக்க வழியில்லை, ஒரு பகுதிக்கு வட்டிச் சீட்டு என்றார்கள். ஒரு கருவூலம் வாசலில் அப்படி எழுதி ஒட்டும் நாள் எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. சில நாளில் அமைச்சர் பிரியேன் போனார், நெக்கர் திரும்ப வந்தார், அடுத்த மே மாதம் திருச்சபை, பிரபுக்கள், மற்ற ஜனங்கள் என்ற மூன்று வகுப்பார் சபை கூடியது. அதற்குப் பிறகு உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

காரிமங்கலத்தான்:

ஐயா, கேக் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தம்பிகள் 2.8 கோடி இன்னும் மனதில் நிற்கிறது. அது யார் கையெழுத்தில் போனது? அவர்கள் இரண்டு பேரும் என்ன ஆனார்கள்?

ஓய்வு கருவூலம், தருமபுரி:

ராஜா கையெழுத்தில்தான் போனது, தம்பி. கடன் அடைக்க, குடும்பம் நடத்த என்று போனது. ராஜாவுக்கு 1793 ஜனவரியில் தலை போனது, ராணிக்கு அதே வருஷம் அக்டோபர் 16-ல். தம்பிகள் இரண்டு பேரும் நாட்டை விட்டு முன்னமே தப்பிவிட்டார்கள். பெரியவர் 1814-ல் பதினெட்டாம் லூயி என்று ராஜாவானார், சின்னவர் 1824-ல் பத்தாம் சார்லஸ் என்று.

காரிமங்கலத்தான்:

அப்படியென்றால் டீச்சர், ராணியின் துணிச் சீட்டோடு அந்தச் சிவப்புப் புத்தகத்தில் தம்பிகள் கணக்கு இருக்கும் பக்கத்தையும் வகுப்பில் ஒட்டுங்கள். தேடி எடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை நான் வருகிறேன்.